துடைக்காத பலகை

அவள் கொண்டுவந்த நேரக் கணக்கை, அலுவலகமே ஆமை என்று கூப்பிடும் சக ஊழியன் நம்பவில்லை. திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான்.

"இவ்வளவு குறையாது மேடம்."

"குறைஞ்சிருக்கே."

"அதான் பயமா இருக்கு."

அவர்களுடைய நிறுவனம் இணைய உலாவி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தது. அதைத் திறந்ததிலிருந்து முதல் பக்கம் திரையில் தெரியும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பது அவன் வேலை. மெதுவாக இருக்கிறது என்ற வசவெல்லாம் அவன் மேசையில்தான் வந்து விழும். அதனால் ஆமை என்று பெயர். அவனும் சளைக்காமல் ஒரு பச்சை ரப்பர் ஆமையை வாங்கித் திரைக்கு மேல் உட்காரவைத்திருந்தான்.

அந்த நேரத்தைக் குறைப்பது அவள் வேலை. பக்கங்களைக் கிராபிக்ஸ் கார்டைக் கொண்டு வரைந்தால், வரைய ஆரம்பித்தபின் வேகம்தான். ஆரம்பிப்பதற்குள்தான் உயிர் போகும். கார்டை எழுப்ப வேண்டும். அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் ஏற வேண்டும். வரைவதற்கான சின்னச் சின்ன நிரல்களை அந்தக் கார்டுக்குப் புரியும்படி மாற்ற வேண்டும். கார்டின் நினைவகத்தில் வரைவதற்கு ஒரு பலகை அளவு இடம் கேட்டு வாங்க வேண்டும், வாங்கிய பலகையைத் துடைக்க வேண்டும். அதுவரை திறந்தவர் வெற்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

சில வாரங்களாக அவள் இந்த வரிசையைக் கலைத்துக் கலைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒருமுறை மாற்றிய நிரல்களைச் சேமித்துவைத்து, அடுத்த முறை அப்படியே எடுத்துக்கொள்ளச் செய்தாள். ஜன்னல் தோன்றும் முன்பே கார்டை எழுப்பிவிட்டாள். கடைசியாக, பலகையைத் துடைக்கும் வரியை எடுத்துவிட்டாள். எப்படியும் பக்கம் அதன்மேல் முழுதாக வரையப்படப்போகிறது. பிறகு எதற்கு அதைத் துடைத்துக்கொண்டு நிற்பது?

"எங்கேயோ கை வச்சிருக்கீங்க" என்றான் ஆமை. "நம்ம ஆபீஸ் மெஷின் எல்லாம் புதுசு. பழைய டப்பா ஏதாவது கிடைச்சா அதுல போட்டுப் பாருங்க."

"வீட்டுல ஒண்ணு இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடி அவர் வாங்கினது."

"அப்ப நம்பலாம்" என்றவன், சற்றுப் பொறுத்து, "கம்ப்யூட்டரைச் சொன்னேன்" என்றான்.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பிறகு அவளுக்கு நினைவு வந்தது.

*

வீட்டில் இரண்டு அறைகள். ஒன்று அவளுக்கும் கணவனுக்கும். இன்னொன்று சின்னது. அதில் அவள் மேசை, ஒயர்கள், பிரிக்காத பெட்டிகள், விரிக்க இடமில்லாமல் சாய்த்துவைத்த மடக்குக் கட்டில், அந்தப் பழைய கணினி. மாமனார் கூடத்து சோபாவில் படுத்துக்கொள்வார். கண் அறுவைக்காக வந்தவர், தான் இருந்த வாடகை வீட்டைக் காலிசெய்துவிட்டு வந்திருந்தார். கண் சரியானது. போவதைப் பற்றி அவரும் பேசவில்லை, இவர்களும் கேட்கவில்லை. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறாரா, தூங்குவதாகக் காட்டுகிறாரா என்று அவளுக்குத் தெரிந்ததே இல்லை.

பேருந்து டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். அவள் வேலை என்ன என்று கேட்டு, ஒரு மாதிரி புரிந்துகொண்டபின், "அப்ப நீயும் என் வேலைதானேம்மா பாக்கற. வண்டி லேட்டா கிளம்பினா மெமோ கொடுக்கறது" என்றார். வந்த நாளிலிருந்து அவர் வாய்விட்டுச் சொன்ன ஜோக் அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை மாலையே அவள் தன் புது உலாவியைப் பழைய கணினியில் ஏற்றிவிட்டாள். சனிக்கிழமை அலுவலகத்தில் கூட்டம். ஞாயிறு காலையில்தான் சோதிக்க முடிந்தது.

சோதிக்கும் முறை எளிது. கைப்பேசியைப் புத்தகங்களின்மேல் நிறுத்தி, அதன் கேமராவை மெதுவோட்டத்தில் ஓடவிட வேண்டும். பிறகு உலாவியைத் திறக்க வேண்டும். சுட்டியை அழுத்தும் விரலும் திரையும் ஒரே படத்தில் விழும். அப்புறம் அந்தப் படத்தை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி எண்ணலாம். கணினியே சொல்லும் கணக்கை ஆமை ஏற்கமாட்டான். அது தனக்குத் தானே மார்க் போட்டுக்கொள்கிற மாணவன் என்பான்.

திறந்தாள். கண்ணுக்கு எல்லாம் சரியாக இருந்தது. சட்டென்று பக்கம் வந்துவிட்டது. அவளுக்குள் சின்ன மகிழ்ச்சி. நாற்காலியில் சாய்ந்துகொண்டு படத்தை நகர்த்தினாள்.

கறுப்பு. கறுப்பு. கறுப்பு. பிறகு ஒரு அறை.

அடுத்த ஃபிரேமில் அவள் எதிர்பார்த்த பக்கம். விரலைப் பின்னுக்கு இழுத்தாள். மறுபடி அந்த அறை. தலைகீழாக இருந்தது. நிறங்கள் இடம்மாறி, சுவர் நீலம் பாரித்து, மனிதர் யாரும் இல்லாமல். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், சாத்திய கதவு. படத்துக்குப் பக்கத்தில் எழுத்துகள். கைப்பேசியைத் திருப்பிப் பிடித்துப் படித்தாள்.

தனி ஒருவருக்கு. உடனே குடியேறலாம்.

அவள் எழுந்து அறைக்கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஏன் சாத்தினோம் என்று யோசித்துப் பார்க்கவில்லை.

இந்த வீட்டில் யாரோ அந்த வாடகை அறைப் பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள். உலாவியின் வரலாற்றைப் பார்த்தாள். அவள் போன பக்கங்களைத் தவிர ஒன்றுமே இல்லை. அது அவளை இன்னும் கலக்கியது. தடம் இருந்தால் எதேச்சையாகப் பார்த்தது என்று விட்டுவிடலாம். தடமே இல்லை என்றால் யாரோ வேண்டுமென்றே அழித்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் தடம் வைக்காத ரகசிய ஜன்னலில் பார்த்திருக்கிறார்கள். சனிக்கிழமை முழுவதும் கணவன் வீட்டில் இருந்தான்.

அதன்பின் ஒவ்வொன்றாக நினைவு வந்தது, கூப்பிடாமலே. கைப்பேசியை இப்போதெல்லாம் கவிழ்த்துவைக்கிறான். போன வாரம் பழைய சூட்கேஸ் எங்கே என்று கேட்டான். "எதுக்கு?" என்றதற்கு, "சும்மா" என்றான். சாப்பிடும்போது ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் சோறு ஆறிவிடுகிறது. இவை எல்லாம் நேற்றுவரை தனித்தனியாகக் கிடந்தன. அந்த ஒரு ஃபிரேம் அவற்றைக் கோத்துக் கொடுத்துவிட்டது.

அவன் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.

"நேத்து கம்ப்யூட்டர்ல உட்கார்ந்தீங்களா?"

"கொஞ்ச நேரம். ஏன்?"

"என்ன பாத்தீங்க?"

"மழை வருமான்னு பாத்தேன். துணி காய்ஞ்சிட்டிருந்தது."

வரலாற்றில் மழை இல்லை. கத்தி பலகையில் படும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு நின்றது.

"ஏன் கேக்கற?"

"சும்மா."

"சும்மா கேக்கற மூஞ்சியா இது?"

அவள் கைப்பேசியை நீட்டினாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தான்.

"தலைகீழா இருக்கு."

"திருப்பிப் பாருங்க."

திருப்பிப் படித்தான். வெங்காயக் காரத்தில் கண் கலங்கியிருந்ததால் அவன் முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"யாருக்கு ரூம் பாக்கற?" என்று கேட்டான்.

"நானா?"

"உன் மெஷின். உன் பிரவுசர். உன் வீடியோ. கேள்வி மட்டும் என்கிட்டயா?"

"நான் எதுக்குங்க தனி ரூம் பாக்கப் போறேன்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். சனிக்கிழமைகூட ஆபீஸ். வீட்டுக்கு வந்தா அந்த ரூமுக்குள்ள போயிடற. இப்ப கதவையும் சாத்திக்கற. நான் ஏதாவது கேட்டேனா?" அவன் குரலைத் தாழ்த்தினான். "இப்ப என்னடான்னா போனை நிறுத்திவச்சு என்னை வேவு பாக்கற."

"வேலைக்காக எடுத்த வீடியோ அது."

"நல்ல வேலை."

கூடத்தில் மாமனார் செய்தித்தாளைக் கை நீளும் மட்டும் தள்ளிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வெகுநேரமாக அதே பக்கம். இவர்கள் பேச்சு நின்றதும் தாளை மடித்து வைத்துவிட்டு, "வெளிய கொஞ்சம் நடந்துட்டு வரேன்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மதியம் மூன்று பேரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டார்கள். கரண்டியும் தட்டும் பேசிக்கொண்டன. அவன் கைப்பேசி மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. அவள் அதைப் பார்ப்பதை அவன் பார்த்தான். சிறிது நேரத்தில் அவள் கைப்பேசி ஒளிர்ந்து அடங்கியது. அவன் அதைப் பார்த்ததை அவள் பார்த்தாள்.

அவன் போய்விட்டால் எதை எடுத்துக்கொள்வான், எதை விட்டுவிட்டுப் போவான் என்று அவள் மனம் தன்பாட்டில் பிரித்துக்கொண்டிருந்தது. புத்தக அலமாரி அவனுடையது. குக்கர் யார் வாங்கியது? இப்படி எண்ணுவதே அசிங்கம் என்று தோன்றியது, ஆனாலும் நிற்கவில்லை. படத்தில் கண்ட அந்தக் கட்டிலில் அவனைப் படுக்கவைத்துப் பார்த்தாள். கட்டில் அவனுக்குச் சின்னது. கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

*

திங்கட்கிழமை ஆமை அந்தப் படத்தை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினான். அறை வந்ததும் விரல் நின்றது.

"இது எந்தப் பேய் வீடு?"

"தெரியல."

"நீங்க திறந்த பக்கம் இது இல்லையே."

"இல்ல."

அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். "மேடம், பலகையைத் துடைக்கிற வரி இருக்கா?"

அவன் கேட்டு முடிப்பதற்குள்ளேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"அதான் பாத்தேன்" என்றான் ஆமை. "புது கார்டா இருந்தா அந்த டிரைவரே துடைச்சுதான் கையில கொடுக்கும். உங்க டப்பா அப்படியே தூக்கிக் கொடுத்திருக்கு. இதுக்கு முன்னாடி அதுல யார் என்ன வரைஞ்சாங்களோ அது ஒரு ஃபிரேம் நின்னுட்டுப் போயிருக்கு. தலைகீழா இருக்கறதும், கலர் மாறினதும் அதனாலதான். அது நமக்காக வரைஞ்சதே இல்ல."

"ஆனா ஹிஸ்டரில ஒண்ணுமே இல்லையே."

"எந்த ஹிஸ்டரில?"

"நம்ம பிரவுசர் ஹிஸ்டரில."

"அது வெள்ளிக்கிழமை பொறந்த குழந்தை மேடம். அதுக்கு என்ன தெரியும்? வீட்டுல எல்லாரும் பழைய பிரவுசரைத்தானே திறப்பாங்க. அதோட ஹிஸ்டரி அதுகிட்ட இருக்கும்."

அவள் முகம் சுட்டது. ஊருக்கெல்லாம் உலாவி செய்து கொடுக்கிறவள், ஒரு வீட்டில் இரண்டு உலாவிகள் இருப்பதை மறந்துவிட்டாள். மழை அந்தப் பழையதில் இருக்கும். அவன் பொய் சொல்லவில்லை.

"ரகசிய ஜன்னல்ல பாத்திருந்தாலும் இப்படி வருமா?" என்று மெல்லக் கேட்டாள்.

"கார்டுக்கு எது ரகசியம்? மெஷினை அணைக்காத வரைக்கும் அங்கேயேதான் கிடக்கும்." அவன் படத்தைப் பெரிதாக்கினான். "இதைப் பாத்தவர் யாரோ, கண்ணு சரியா தெரியாதவரா இருக்கணும். வரிக்கு ரெண்டே வார்த்தை. எங்கப்பா போன்ல மெசேஜ் படிக்கிற மாதிரி இருக்கு."

அவள் எழுத்துகளைப் பார்த்தாள். தனி ஒருவருக்கு. திரையின் பாதியை அந்த ஒரு வரி அடைத்துக்கொண்டிருந்தது. நேற்றிலிருந்து எத்தனை முறை பார்த்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் படித்தாள், எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று பார்க்கவில்லை.

அறுவை முடிந்து கட்டுப் பிரித்த வாரத்தில் மாமனாரைக் கணினிமுன் உட்காரவைத்து, எழுத்தைப் பெரிதாக்கும் விதத்தை அவள்தான் காட்டினாள். அவர் ஒவ்வொரு பொத்தானையும் மாத்திரையை எடுப்பதுபோல் தொட்டார். எழுந்துகொள்ளும்போது, "நான் என்ன படிச்சேங்கறது இதுல தங்குமாம்மா?" என்று கேட்டார். அவள் ரகசிய ஜன்னலைத் திறந்து காட்டினாள். "இதுல பாத்தீங்கன்னா யாருக்கும் தெரியாது மாமா. மூடினா போச்சு." "நிஜமாவா?" "எங்க ஆபீஸ்லயும் இதைத்தான் செய்யறோம் மாமா. எனக்குத் தெரியாதா?" அவர் தலையாட்டினார். அந்தக் கேள்வியை ஏன் கேட்கிறார் என்று அன்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

குழுத் தலைவர் அவள் மேசைக்கே வந்துவிட்டார். துடைக்கும் வரியை மறுபடி சேர்த்துவிட்டாள் என்று ஆமை சொல்லியிருந்தான்.

"ஒரே ஒரு ஃபிரேம்" என்றார் தலைவர். "அதுவும் பழைய கார்டுல. யார் கண்ணுக்கும்மா அது தெரியும்?"

"என் கண்ணுக்குத் தெரிஞ்சது சார்."

"நீ வீடியோ எடுத்துப் பாத்த."

"பாக்கணும்னு நினைக்கிறவங்க எடுத்துப் பாப்பாங்க சார்."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். வேலையைத் தாண்டி ஏதோ இருக்கிறது என்று அவருக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். கேட்கவில்லை. "மத்த மாற்றத்துல குறைச்ச நேரமாவது நிக்குமா?" என்றார்.

"நிக்கும் சார்."

"அது போதும்" என்று சொன்னார், போதாது என்கிற குரலில்.

*

சீக்கிரமே கிளம்பி வீட்டுக்கு வந்தாள். கணவன் இன்னும் வரவில்லை. மாமனார் சோபாவின் ஓரத்தில், ரயிலுக்குக் காத்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார். இவள் அவரைத் தாண்டிச் சின்ன அறைக்குள் போனாள். கதவைப் பார்த்தாள். உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. அவள் அதைப் போட்டதே இல்லை. போடவேண்டி வந்ததில்லை. கூடத்துக்குத்தான் கதவே இல்லை.

திருத்திய உலாவியைப் பழைய கணினியில் ஏற்றிவிட்டு, பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். அலுவலக மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் கொண்டுபோய் வைத்தாள். சுவரில் சாய்த்துவைத்திருந்த மடக்குக் கட்டிலை விரித்தாள். சத்தம் கேட்டு மாமனார் வாசலில் வந்து நின்றார்.

"என்னம்மா பண்ற?"

"இனிமே நீங்க இங்க படுத்துக்கங்க மாமா. கம்ப்யூட்டரும் இங்கயே இருக்கட்டும். எனக்குச் சாப்பாட்டு மேசை போதும்."

அவர் உள்ளே வரவில்லை. கட்டிலைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். டிப்போவில் தாமதமாக வந்த ஓட்டுநரின் காரணத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கும் பார்வை அது.

"ஏன் திடீர்னு?"

ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம். மேசைதான் வசதி, சோபாவில் படுத்தால் உங்களுக்கு முதுகு வலிக்கும், இப்படி. அவர் நம்பமாட்டார். நம்பாமலேயே தலையாட்டிவிட்டுப் போய், அந்த ரகசிய ஜன்னலில் மறுபடி அறை தேடுவார். அது பூட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு.

"மாமா, அந்த ரகசிய ஜன்னல் இருக்கு இல்ல" என்றாள். "அது சரியா மூடாம இருந்தது. நான் ஒரு வரியை எடுத்துட்டேன், அதனால. இன்னைக்குச் சரிபண்ணிட்டேன். இப்ப மூடினா மூடினதுதான்."

தெருவில் ஒரு வண்டி பின்னுக்கு எடுக்கும் சத்தம் கேட்டு ஓய்ந்தது. அவர் கை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"எவ்வளவு தெரிஞ்சுது?"

"ஒரு ரூம். கட்டில். ஜன்னல்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மாமா."

அவர் தோள் தளர்ந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குள் ஏதோ மறுபடி தலைதூக்கியது. இன்னும் என்ன இருக்கிறது? அறையைவிடப் பெரிதாக எதை மூடிவைத்திருக்கிறார்? மருத்துவமனையா, கடிதமா, வேறு ஏதாவதா? கேட்டால் ஒருவேளை சொல்லிவிடுவார். கேட்பதற்கான வாக்கியம் வாய்வரை வந்துவிட்டது. அவள் குனிந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

"அவனுக்குத் தெரியுமா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான் சொல்லல."

"சொல்லாதேம்மா."

கணவன் வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. கூடத்தில் பெட்டிகள். காலியான சோபா. சாத்திய கதவு. செருப்பைக் கழற்றாமலே நின்றான்.

"அப்பா எங்க?"

"ரூம்ல. இனிமே அது அவர் ரூம்."

"அவர் கேட்டாரா?"

"கேக்கல."

அவன் அவளையும் கதவையும் மாறிமாறிப் பார்த்தான்.

"நேத்து நான் கேட்டது தப்பு" என்றாள். "நீங்க மழைதான் பாத்தீங்க. எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"எனக்கு அது நேத்தே தெரியும்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். "அப்ப யார் பாத்தது?"

அவள் பெட்டியின் மூடியில் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியும்" என்றான்.

"தெரியும்."

"சொல்லமாட்ட."

"மாட்டேன்."

அவன் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தான். அப்போது சின்ன அறைக்குள்ளிருந்து தாழ்ப்பாள் விழும் சத்தம் வந்தது, மெதுவாக, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல. இருவரும் கதவின் பக்கம் திரும்பினார்கள். அவன் பார்வை அங்கேயே நின்றது. அப்பா, அறை, தாழ்ப்பாள் என்று அவன் முகத்தில் ஒவ்வொன்றாகக் கோக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டே, அவள் சமையலறை விளக்கைப் போட்டாள்.